பெட்ர் கின்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ர் கின்ஸ் என்ற பெயர் பலருக்கும் கொலம்பியா விண்கல விபத்தை ஒட்டித்தான் அறிமுகமாகிறது. நாஜிகள் கொன்ற ஒரு யூதச் சிறுவன் வரைந்த நிலவு ஓவியம் விண்வெளிக்குப் போனது என்ற செய்தியோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும். அந்தச் செய்தி உண்மைதான். ஆனால் அவன் டைரி எழுதினான், நாவல் எழுதினான், பதினான்கு வயதில் ஒரு வாரப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தான். பரிதாபப்படுவதற்கு முன் அவனை ஓர் எழுத்தாளனாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள பதில்களும் அந்த நோக்கில் எழுதப்பட்டவையே.

யார் இந்தப் பெட்ர் கின்ஸ்?

1928 பிப்ரவரி 1 அன்று செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகில் பிறந்தவன். அப்பா ஓட்டோ கின்ஸ் யூதர், ஜவுளி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். அம்மா மரியே யூதர் அல்லாத செக் பெண். இருவருக்கும் எஸ்பெராண்டோ மொழியில் தீவிர ஈடுபாடு உண்டு. உலக மக்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட மொழி அது. பெட்ரும் அதைக் கற்றுக்கொண்டு, செக்–எஸ்பெராண்டோ அகராதி ஒன்றைத் தொகுக்கும் வேலையில் இறங்கினான். தங்கை ஏவா அவனைவிட இரண்டு வயது இளையவள்.

எட்டு வயதிலிருந்தே நாவல் எழுதத் தொடங்கிவிட்டான். ஜூல் வெர்ன் மீது அளவுகடந்த பிரியம். அவரைப் போலவே பயணம், விஞ்ஞானம், விசித்திர விலங்குகள் என்று கதை பின்னினான். படங்களையும் தானே வரைந்தான், பைண்டிங்கையும் தானே செய்தான். அவற்றில் 'வரலாற்றுக்கு முந்தைய காலத்திலிருந்து ஒரு வருகை' என்ற நாவல் இன்றும் இருக்கிறது. ஒரு ராட்சத டைனோசர் பெல்ஜியன் காங்கோவைக் கதிகலங்க வைக்கும் கதை அது.

அம்மா யூதர் இல்லையே, பிறகு ஏன் அவனைப் பிடித்துப் போனார்கள்?

கலப்பு மணக் குடும்பங்களுக்கென்று நாஜிகள் தனிச் சட்டமே வைத்திருந்தார்கள். பெற்றோரில் ஒருவர் யூதர், பிள்ளையும் யூதச் சமூகத்தில் பதிவாகியிருக்கிறது என்றால் அந்தப் பிள்ளையை முழு யூதனாகவே கணக்கில் எடுத்தார்கள். பிராகில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பதினான்கு வயது வரை அவகாசம். அதற்குப் பிறகு யூதர்களை அடைத்துவைத்த தெரெசின் நகரம்.

பெட்ருக்கு 1942 பிப்ரவரியில் பதினான்கு முடிந்தது. அக்டோபரில் அழைப்பு வந்தது. ஏவாவுக்கு 1944 பிப்ரவரியில் பதினான்கு முடிந்தது. மே மாதம் அழைப்பு வந்தது. யூதர் அல்லாத மனைவி இருந்ததால் அப்பாவை 1945 பிப்ரவரி வரை விட்டுவைத்தார்கள். அம்மா பிராகிலேயே இருந்தார். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேரை மூன்று வெவ்வேறு தேதிகளில் கூட்டிப்போனார்கள். ஒரு பிள்ளையின் பிறந்தநாளை எண்ணி அந்தத் தாய் எப்படிப் பயந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

முன்கூட்டியே நாட்டை விட்டுத் தப்பியிருக்கலாமே?

இந்தக் கேள்வியில் ஒரு பழிச்சொல் ஒளிந்திருக்கிறது. அதை ஏற்க முடியாது. ஜெர்மன் படை 1939 மார்ச் 15 அன்று பிராகுக்குள் நுழைந்தது. அதன் பிறகு வெளியேற விசா வேண்டும், பணம் வேண்டும், ஏற்றுக்கொள்ள ஒரு நாடும் வேண்டும். பெரும்பாலான நாடுகள் கதவை ஏறக்குறைய மூடியே வைத்திருந்தன. 1941 அக்டோபரில் யூதர்கள் வெளியேறுவதையே நாஜிகள் தடை செய்துவிட்டார்கள்.

டைரி எந்தக் காலத்தைப் பற்றியது? அதில் என்ன இருக்கிறது?

1941 செப்டம்பர் 19 முதல் 1942 ஆகஸ்ட் வரை. எழுதியது முழுக்கப் பிராகில், தன் வீட்டில் இருந்தபோது. முகாம் டைரி என்று பலர் நினைத்துக்கொண்டு தேடுகிறார்கள், அது சரியல்ல.

தொடக்க நாளைக் கவனியுங்கள். யூதர்கள் எல்லோரும் மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடமாட வேண்டும் என்ற உத்தரவு அமலுக்கு வந்த நாள் அது. அன்றைய குறிப்பில் பெட்ர் பனிமூட்டமாக இருந்தது என்று எழுதுகிறான். பள்ளிக்குப் போகிற வழியில் 69 'ஷெரீஃப்'களை எண்ணியதாகவும், அம்மா நூற்றுக்கும் மேல் பார்த்ததாகவும் எழுதுகிறான். கௌபாய் கதைகளில் ஷெரீஃப் நெஞ்சில் நட்சத்திரம் குத்தியிருப்பாரே, அதை வைத்துச் சூட்டிய பெயர். யூதர்கள் அதிகம் நடமாடிய ட்லோஹா தெருவுக்கு 'பால்வீதி' என்று பெயர் வந்துவிட்டதாம், அத்தனை நட்சத்திரங்கள்.

அவமானப்படுத்துவதற்காகவே போடப்பட்ட உத்தரவு. அதை ஒரு பதின்மூன்று வயதுப் பையன் எண்ணிக்கையாகவும் கிண்டலாகவும் மாற்றி வைத்திருக்கிறான். டைரி முழுவதும் இந்தப் பார்வை இருக்கிறது.

படித்தால் சப்பென்று இருக்கிறதே? காலையில் பள்ளி, மாலையில் வெளியே என்றுதானே போகிறது?

பலருக்கும் முதலில் இந்த ஏமாற்றம் வரும். உருக்கமான வரிகளை எதிர்பார்த்துத் திறந்தால், பள்ளிக்குப் போனேன், வீட்டுப்பாடம் எழுதினேன், பாட்டி வீட்டுக்குப் போனேன் என்றே ஓடும். அவசரப்படாமல் ஐம்பது பக்கம் தாண்டுங்கள். அந்த அன்றாடத்துக்கு நடுவே, குரல் உயராமலே, இன்னார் டிரான்ஸ்போர்ட்டில் போகிறார் என்ற செய்தி வரும். டிரான்ஸ்போர்ட் என்றால் ஊரை விட்டு ரயிலில் அனுப்பப்படுவது. பிராகிலிருந்து முதல் ரயில்கள் 1941 அக்டோபரில் போலந்தின் லோட்ஸ் கெட்டோவுக்குக் கிளம்பின. கெட்டோ என்றால் யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதி. பக்கம் செல்லச் செல்லத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள், உறவினர்கள் மூட்டை கட்டுகிறார்கள். பையன் அடுத்த நாளும் பள்ளிக்குப் போகிறான்.

1942 தொடங்கும் இடத்தில் ஒரு முக்கியமான குறிப்பு உண்டு. இப்போது சர்வ சாதாரணமாக இருப்பது வேறு காலத்தில் எல்லோரையும் திடுக்கிட வைத்திருக்கும் என்று எழுதிவிட்டு, யூதர்களுக்கு இல்லாதவற்றை அடுக்குகிறான்: பழம், கோழி வகைகள், பாலாடைக்கட்டி, வெங்காயம், பூண்டு. டிராமில் முன்பெட்டியில் ஏறக்கூடாது, ஆற்றங்கரையில் உலாவக் கூடாது. புகையிலை ரேஷன் கார்டு கைதிகளுக்கும் மனநிலை பிறழ்ந்தவர்களுக்கும் யூதர்களுக்கும் கிடையாது. கருத்து எதுவும் சொல்லாமல் மேலே போய்விடுகிறான்.

அவன் உணர்ச்சியற்றவன் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நிருபரின் மனம் அவனுக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. 1942 மே 27 அன்று பிராகில் நாஜி ஆட்சியாளன் ரைன்ஹார்ட் ஹெய்ட்ரிஹ் தாக்கப்பட்டபோது, தாக்கியவர்களைக் காட்டிக்கொடுத்தால் ஒரு கோடி கிரௌன் பரிசு என்று அறிவித்தார்கள். சுட்டுக் கொல்லப்படுபவர்களின் பட்டியல் நாள்தோறும் வெளியானது. அந்த வாரங்களின் குறிப்புகளை வரலாற்றுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் படித்தால், அச்சம் ஒரு நகரத்தில் எப்படிப் பரவும் என்பது புரியும்.

தெரெசினுக்கு எப்படிப் போனான்?

அந்த நாளைப் பிறகு தெரெசினில் வைத்து நினைவிலிருந்து எழுதினான். டைப்ரைட்டர்களைச் சுத்தம் செய்யும் பட்டறை ஒன்றில் வேலையாக இருந்தபோது தகவல் வந்தது. வீட்டுக்குப் போய் மூட்டை கட்டும்போது அவன் மறக்காமல் எடுத்துக்கொண்டவை காகிதம், லினோகட் அச்சுக்கான லினோலியத் துண்டுகள், செதுக்கும் சிறு கத்திகள், முடிக்காத ஒரு நாவல். திரும்பி வருவோமா என்று தெரியாத பயணம், வயது பதினான்கு. அங்கேயும் வேலை இருக்கும் என்றே அவன் நினைத்திருக்கிறான்.

தெரெசின் கெட்டோவா, வதைமுகாமா?

இரண்டுமாக இருந்தது. பிராகுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பழைய கோட்டை நகரம். 1941 நவம்பரில் அதை யூதர்களுக்கான கெட்டோவாக மாற்றினார்கள். மொத்தம் ஏறக்குறைய 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சுமார் 33,000 பேர் அங்கேயே பசியாலும் நோயாலும் இறந்தார்கள். சுமார் 88,000 பேரை அங்கிருந்து கிழக்கே, பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு, அனுப்பினார்கள். தெரெசினில் விஷவாயு அறை இயங்கவில்லை. கொலைக்களத்துக்கு ஆள் சேர்த்து அனுப்பும் இடமாகவே அதை நாஜிகள் வைத்திருந்தார்கள்.

உலகத்தின் கண்ணில் மண்ணைத் தூவவும் அது பயன்பட்டது. 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வருகிறது என்றதும் தெருக்களுக்கு வெள்ளையடித்தார்கள், பூச்செடி வைத்தார்கள். கூட்டம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆயிரக்கணக்கானோரை முன்னதாகவே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த குழு காட்டியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

'வெடெம்' என்பது என்ன?

தெரெசின் சிறுவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகை. பெட்ரின் வாழ்க்கையில் இதுவே மிகப் பெரிய சாதனை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எல்417 என்று எண்ணிட்ட கட்டடம், முன்பு ஊரின் பள்ளிக்கூடம். நாஜிகள் அதைச் சிறுவர் விடுதியாக்கினார்கள். அங்கே ஒன்றாம் எண் அறையில் மூன்றடுக்குக் கட்டில்களில் சுமார் நாற்பது பையன்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாளர் வால்டர் ஐசிங்கர் என்ற இளம் ஆசிரியர். பாடம் நடத்துவது தடை செய்யப்பட்டிருந்தது. அவர் ரகசியமாக நடத்தினார். பையன்களைச் சுயாட்சிக் குடியரசு ஒன்றை அமைக்கத் தூண்டியவரும் அவர்தான். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் அநாதைச் சிறுவர்கள் தங்கள் பள்ளியில் நடத்திய குடியரசின் பெயரையே இவர்களும் எடுத்துக்கொண்டார்கள்: ஷ்கித். அதற்குக் கீதம் உண்டு, சின்னமும் உண்டு. புத்தகத்தைத் தாண்டி நட்சத்திரத்தை நோக்கிப் பறக்கும் ராக்கெட் அந்தச் சின்னத்தில் இருந்தது.

அந்தக் குடியரசின் பத்திரிகைதான் வெடெம். 'முன்னே நடத்துகிறோம்' என்று பொருள். முதல் இதழ் 1942 டிசம்பர் 18 அன்று வந்தது. ஆசிரியர் பெட்ர் கின்ஸ். தொடக்கத்தில் டைப்ரைட்டரில் அடித்தார்கள். ரிப்பன் தீர்ந்ததும் கையால் எழுதினார்கள். இதழுக்கு ஒரே ஒரு பிரதிதான். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் கட்டில்களிலும் மேசையைச் சுற்றியும் உட்கார, எழுதியவர்களே உரக்க வாசிப்பார்கள். 1944 கோடை வரை இப்படி நடந்தது. சேர்ந்த பக்கங்கள் ஏறக்குறைய 800.

கவிதை, கட்டுரை, கேலி, புத்தக மதிப்புரை, கால்பந்துச் செய்தி எல்லாம் அதில் உண்டு. பெட்ர் எழுதிய 'தெரெசின் உலா' என்ற தொடரை மட்டுமாவது படித்துப் பாருங்கள். அவன் பென்சிலும் தாளுமாகக் கிளம்பிவிடுவான். ரொட்டிச் சாலைக்குப் போவான், தீயணைப்பு நிலையத்துக்குப் போவான், பிணம் எரிக்கும் இடத்துக்கும் போவான். அங்கே வேலை செய்பவர்களிடம் இது எப்படி இயங்குகிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதுவான். சுற்றிலும் சாவு இருக்க, ஒரு நிறுவனம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் மூளை அது.

ஆசிரியராக அவன் பட்ட பாடும் சுவையானது. உயிர்தப்பிய அறைத்தோழர் ஒருவர் பின்னாளில் அந்தக் காட்சியை விவரித்திருக்கிறார். கீழ்க்கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பானாம். சுற்றிலும் பேனா, பென்சில், தூரிகை, வண்ணம், பலவித அளவில் காகிதங்கள். கூடவே வீட்டிலிருந்து வந்த பார்சலில் மிச்சமிருக்கும் தின்பண்டம். அந்தத் தின்பண்டம்தான் சன்மானம். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு இழுத்தடிப்பவனை அதைக் காட்டி மசிய வைப்பான். அப்படியும் பக்கம் நிரம்பாவிட்டால், வேறு பெயரில் தானே எழுதி இதழைக் கொண்டுவந்துவிடுவான். எல்லோரும் பட்டினி கிடந்த இடத்தில் தன் சாப்பாட்டைக் கொடுத்துக் கட்டுரை வாங்கிய ஆசிரியனை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அவன் எப்படி இறந்தான்?

1944 இலையுதிர் காலத்தில் தெரெசினிலிருந்து ஒரே மாதத்தில் 18,000-க்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். முதல் ரயில் செப்டம்பர் 28 அன்று புறப்பட்டது. அதில் பெட்ரும் அவனுடைய உறவுக்காரப் பையன் பவெலும் இருந்தார்கள்.

ஏவாவும் டைரி எழுதினாள் என்பது பலருக்குத் தெரியாது. அண்ணன் போன நாளை அவள்தான் பதிவு செய்திருக்கிறாள். போகிறவர்களை ஒரு கட்டடத்தில் அடைத்துவிட்டு, மற்றவர்கள் நெருங்காதபடி கயிறு கட்டியிருந்தார்கள். அவள் கூட்டத்துக்குள் புகுந்து, கயிற்றுக்கு அடியில் தவழ்ந்து, ஜன்னல் வழியாக அண்ணனுக்கு ரொட்டி கொடுத்தாள். காவலாள் வந்து விரட்டுவதற்குள் கம்பிகளுக்கு நடுவே அவன் கையைப் பிடிக்க நேரம் கிடைத்தது. அதன் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. பெட்ர் ஆஷ்விட்ஸில் விஷவாயு அறையில் கொல்லப்பட்டான். வயது பதினாறு.

ஒன்றாம் எண் அறையில் காலப்போக்கில் வந்து தங்கிய சுமார் நூறு சிறுவர்களில் பதினைந்து பேரே பிழைத்தார்கள். ஐசிங்கரும் பிழைக்கவில்லை.

பத்திரிகை எப்படித் தப்பியது?

ஸ்டெனெக் டௌஸிக் என்ற சிறுவன்தான் காரணம். அவனுடைய அப்பா கெட்டோவில் கொல்லராக இருந்தார். அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் போன பிறகும் அவன் தெரெசினில் விடப்பட்டிருந்தான். இதழ்களை ஓர் உலோகப் பெட்டியில் போட்டு மண்ணில் புதைத்தான். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் தோண்டி எடுத்துப் பிராகுக்குக் கொண்டுபோனான். செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த காலத்தில் அதை அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. புத்தகமாக வர 1990கள் ஆகிவிட்டன. மூல இதழ்கள் இப்போது தெரெசின் நினைவகத்தில் இருக்கின்றன. சிறுவர்கள் தங்கிய அதே கட்டடம்தான் இன்று கெட்டோ அருங்காட்சியகம்.

நிலவு ஓவியத்தின் கதை என்ன?

தெரெசினில் பென்சிலால் வரைந்த படம். கூர்கூராக நிற்கும் நிலவின் மலைகள், அவற்றுக்குப் பின்னால் கறுத்த வானத்தில் பூமி. நிலவின் அருகிலிருந்து பூமியைக் கேமரா படம் பிடித்தது 1966-இல்தான். கெட்டோ மதிலைத் தாண்ட முடியாத பையன் இருபது ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே போய் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான். ஜூல் வெர்ன் படித்த பயன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்பா ஓட்டோ கின்ஸ் அந்த ஓவியத்தை ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகத்துக்குக் கொடுத்தார். இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரர் இலான் ராமோனின் தாய் ஆஷ்விட்ஸில் உயிர்தப்பியவர். அதனால் அந்த நினைவைச் சுமக்கும் ஏதாவது ஒன்றை உடன் கொண்டுபோக அவர் விரும்பினார். யாத் வஷேம் நிலவு ஓவியத்தின் நகலைக் கொடுத்தது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பியது. பிப்ரவரி 1 அன்று தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்தபோது சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். நம் ஊரில் அந்த நாளைக் கல்பனா சாவ்லாவுக்காக நினைவில் வைத்திருப்பவர்கள் ஏராளம். பெட்ர் உயிரோடு இருந்திருந்தால் அன்று அவனுக்கு 75 வயது நிறைந்திருக்கும்.

டைரி எங்கிருந்து கிடைத்தது?

விபத்துச் செய்திகளோடு அந்த ஓவியமும் உலகெங்கும் வெளியானது. பிராகில் பழைய வீடு ஒன்றை வாங்கியிருந்த ஒருவர் அதைப் பார்த்தார். அந்த வீட்டுப் பரணில் அவருக்குக் கிடைத்திருந்த பழைய நோட்டுகளிலும் படங்களிலும் இதே பெயர் இருந்தது. அவர் யாத் வஷேமைத் தொடர்புகொண்டார். கையெழுத்து அண்ணனுடையது என்று தங்கை உறுதி செய்தார். அறுபது ஆண்டுகள் கழித்து வந்த கையெழுத்து! தங்கையே பதிப்பித்து 2004-இல் செக் மொழியில் வெளியிட்டார். பிறகு ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் வந்தது.

குடும்பத்தில் மற்றவர்கள்?

அப்பா, அம்மா, ஏவா மூவரும் பிழைத்தார்கள். ஏவா பிற்பாடு இஸ்ரேலில் குடியேறினார். ஹாவா பிரஸ்பர்கர் என்ற பெயரில் ஓவியரானார்.

ஆன் ஃபிராங்கோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. ஆன் 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்தவள். போருக்குப் பின் டைரிகள் திரட்டப்படும் என்று 1944 மார்ச்சில் வானொலியில் கேட்டதும், வெளியிடும் நோக்கத்தோடு தன் டைரியைத் திருத்தி எழுதினாள். அவள் தன் உள்ளத்தைத் தோண்டிப் பார்க்கிறாள். பெட்ர் தெருவில் நடக்கிறான், எண்ணுகிறான், கேட்டறிகிறான். ஒருவர் எழுத்து மற்றவர் எழுத்துக்கு மாற்றாகாது. இரண்டையும் படிக்கலாம்.

பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாமா?

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து கொடுக்கலாம். டைரியில் கொடூரக் காட்சி என்று எதுவும் இல்லை. ஆனால் தனியாகக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். டிரான்ஸ்போர்ட் என்றால் என்ன, அந்த உறவினர்கள் எங்கே போனார்கள் என்று பிள்ளை கேட்கும். அப்போது பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். வெடெம் இதழ்ப் பக்கங்களின் படங்களையும் காட்டுங்கள். தாங்களே பத்திரிகை நடத்த ஆசைப்பட்டால் இன்னும் நல்லது.

இவனைப் போல வேறு யாரெல்லாம் எழுதினார்கள்?

நிறையப் பேர். லோட்ஸ் கெட்டோவின் பசியைத் தேதிவாரியாகப் பதிந்த தாவித் ஷெரகோவியாக் 1943 ஆகஸ்டில் பத்தொன்பது வயதில் இறந்தான். வில்னா கெட்டோவில் இட்ஸ்ஹோக் ருதாஷெவ்ஸ்கி யித்திஷ் மொழியில் எழுதினான். அவனுக்குக் கெட்டோ நூலகத்தின் மீது இருந்த பாசம் பெட்ரை நினைவூட்டும். போலந்தின் ப்ஷெமிஷ்லில் கவிதையும் டைரியும் எழுதிய ரெனியா ஷ்பீகல் 1942 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டாள். பெஞ்ஜினைச் சேர்ந்த ருட்கா லாஸ்கியெர் 1943-இல் சில மாதங்களே எழுதினாள். அவளுடைய நோட்டு 2006 வரை வெளியுலகுக்கு வரவில்லை. நாஜிக் கெட்டோ ஒன்றின் உள்நடப்பு தெரிய வேண்டுமானால் ஷெரகோவியாக்கிலிருந்து தொடங்குங்கள். சின்ன வயதில் ஒருவர் எவ்வளவு எழுதிவிட முடியும் என்று பார்க்க விரும்பினால் ரெனியாவின் டைரியை எடுங்கள். அது எழுநூறு பக்கத்துக்கு அருகில் வரும்.